டிரெய்னரில் மிதிக்கும்போது சுழற்சி சீராக இல்லாமல் வெட்டி வெட்டி வருவது ஏன்?

நொய்யல்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் வசிக்கிறேன். வார இறுதியில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை சைக்கிளில் மலையேறி இறங்குவதே என் நீண்ட பயணம். வார நாள்களில் வேலைக்குக் கிளம்பும் முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை வீட்டிலுள்ள ஸ்மார்ட் டிரெய்னரில் (சைக்கிளை ஓரிடத்தில் பொருத்தி ஓட்டும், மிதிப்பின் எதிர்ப்பைத் தானே மாற்றும் பயிற்சி இயந்திரம்) செலவிடுகிறேன். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, டிரெய்னரிலேயே பொருத்திய கேசட்டில் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுப்பு) சங்கிலியை மாட்டி ஓட்டும் டைரக்ட் டிரைவ் வகை அது.

சமதளச் சாலையில் நான் உணராத ஒரு குறை இந்த இயந்திரத்தில் அமர்ந்தவுடன் தெரிகிறது. பெடல் தொடர்ச்சியாகச் சுழல்வதில்லை. வலது கால் ஒரு தள்ளு தள்ளுகிறது, இடது கால் ஒரு தள்ளு தள்ளுகிறது, இரண்டுக்கும் இடையில் பிடிப்பே இல்லாத ஒரு கணம் வந்து போகிறது. சிறிய செயின்ரிங்கில் (பெடலோடு சுழலும் முன்பக்கப் பல்சக்கரம்) மெதுவாக மிதிக்கும்போது இது மிகவும் வெளிப்படையாக இருக்கிறது. குறித்த வாட்டை இயந்திரமே மாறாமல் பிடித்துவைக்கும் எர்க் முறையில் 200 வாட் என்று நிறுத்தி ஓட்டுகையில் களைப்பால் கேடன்ஸ் (நிமிடத்துக்கு மிதிக்கும் சுற்றுகள்) 70-க்குக் கீழே இறங்கிவிட்டால் பெடல் மேலும் மேலும் இறுகி, சில சுற்றுகளுக்குள் கால் நின்றே போகிறது. எதிர்ப்பக்கத்தில், கேடன்ஸை 95-க்கு மேல் கொண்டுபோனால் இருக்கையில் உடல் துள்ளத் தொடங்குகிறது.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், பின்பக்கத்தில் பெடலை மேலே இழுத்தால்தான் வட்டம் முழுமையாகும் என்றும், பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் வைத்த காலணி எதற்காக இருக்கிறது என்றும் கேட்டார். அவ்வாறே இழுத்துப் பார்த்தேன். இடுப்புக்கும் தொடைக்கும் இடையிலுள்ள முன்பகுதி வலிக்கிறதே தவிர, அதே இதயத் துடிப்பில் வாட் சற்றும் கூடவில்லை. சீரான மிதிப்பு என்பது உண்மையில் என்ன, அதை டிரெய்னரில் பழக முடியுமா என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கிராங்க்170:

வணக்கம். தாங்கள் குறிப்பிட்டவற்றில் பாதி தங்கள் காலின் குறை. மீதி இயந்திரத்தின் இயல்பு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் எதைப் பழக வேண்டும், எதை அப்படியே விட்டுவிடலாம் என்பது தெளிவாகும்.

மேலே இழுக்கும் அறிவுரையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டோ கிளிப்பும் தோல்பட்டையும் பாதத்தைப் பெடலோடு கட்டிய காலத்திலிருந்தே அது சொல்லப்பட்டு வருகிறது. 1984-இல் லுக் நிறுவனம் பனிச்சறுக்குக் காலணியின் பூட்டு முறையைப் பின்பற்றி கிளிப்லெஸ் பெடலைக் கொண்டுவந்து, மறு ஆண்டே பிரெஞ்சு ஓட்டி பெர்னார்ட் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸை வென்ற பிறகு அந்த நம்பிக்கைக்கு இன்னும் வலுக் கூடியது. ஆனால் பெடலில் விசையளவி பொருத்தி ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. எட்வர்ட் காய்ல் குழுவினர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், தேசிய அளவில் முன்னணியில் இருந்த ஓட்டிகளையும் அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். முன்னவர்களுக்குக் கிடைத்த கூடுதல் ஆற்றல் மேலே இழுத்ததால் வந்ததன்று, கீழ்நோக்கிய மிதிப்பில் அவர்கள் கொடுத்த பெரிய விசையால் வந்தது. 2007-இல் கோர்ஃப் குழுவினர் ஒரே ஓட்டிகளைத் தம் இயல்பான முறையிலும், வட்டமாகவும், மேலே இழுத்தும், கீழே தள்ளியும் மிதிக்கச் செய்து பார்த்தார்கள். மேலே இழுத்தபோது விசை கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) சுழலும் திசையில் ஒழுங்காகப் பாய்ந்தது உண்மைதான். ஆனால் அதே வாட்டுக்கு உடல் செலவிட்ட ஆற்றல் அதிகமானது. தொடையை மேலே தூக்கும் இடுப்புத் தசைகள், கீழே தள்ளும் தொடைத் தசையோடும் பிட்டத் தசையோடும் ஒப்பிட்டால் சிறியவை. தங்களுக்கு வலி வந்த இடம் அதுதான். மூத்தவரிடம் வாதாட வேண்டாம். ஆனால் நீண்ட ஏற்றத்தில் அவர் சொன்னபடி மிதிக்கவும் வேண்டாம்.

ஏறும் கால் இழுக்க வேண்டியதில்லை. இறங்கும் கால் அதைச் சுமக்க நேராமல் பார்த்துக்கொண்டால் போதும். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு காலின் எடை ஏறத்தாழ 11 கிலோ. ஒரு கிராங்க் இறங்கும்போது மற்றது ஏறுவதால் இரு கால்களின் எடையும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். ஆகவே ஏறும் பக்கத்தில் பெடல் மீது சிறிதளவு எடை இருப்பது பெரிய குற்றமில்லை. அந்த எடைக்கு மேல் காலே இன்னும் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டிருப்பதுதான் இழப்பு.

இனி, அந்தப் பிடிப்பில்லாத கணம். 200 வாட்டில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் ஒவ்வொரு காலின் தள்ளலுக்கும் மூன்றில் ஒரு விநாடிதான் கிடைக்கிறது. அந்த நேரத்தில் சுமார் 67 ஜூல் ஆற்றல் சங்கிலிக்குப் போகிறது. அது சமமாகப் பரவிப் போவதில்லை. கிராங்க் முன்னோக்கிக் கிடைமட்டமாக இருக்கும் இடத்தையொட்டி மிகுதியாகவும், செங்குத்தாக நிற்கும் இடத்தில் மிகக் குறைவாகவும் போகிறது. மனிதக் காலின் அமைப்பு அப்படிப்பட்டது. உலகச் சாம்பியனுக்கும் இதே நிலைதான். இந்த மேடு பள்ளத்தை நிரவுவது ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல். ஓட்டியும் வண்டியும் சேர்ந்து 83 கிலோ என்று கொண்டால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இருப்பு சுமார் 2,900 ஜூல். அதிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் சில பத்து ஜூல் கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்தால் காலுக்குத் தெரியாது. அதே வண்டி மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏறும்போது இருப்பு சுமார் 320 ஜூலாகச் சுருங்கிவிடுகிறது. கேடன்ஸும் 65 என்று இறங்கியிருந்தால் ஒரு தள்ளலுக்கு 92 ஜூல் தேவை. அப்போது ஒவ்வொரு தள்ளலிலும் வண்டி முந்தி, ஒவ்வொரு இடைவெளியிலும் தயங்கும். கோத்தகிரி ஏற்றத்திலும் தாங்கள் இப்படித்தான் மிதிக்கிறீர்கள். சாலையில் வண்டி இடவலமாகச் சற்று ஆடிக் கொடுப்பதாலும், கவனம் வளைவிலும் எதிரே வரும் பேருந்திலும் இருப்பதாலும் அது உறைப்பதில்லை.

டிரெய்னரில் இந்த இருப்பைத் தருவது ஃபிளைவீல் என்னும் கனமான சுழல்சக்கரம். அது எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதைத் தீர்மானிப்பது தங்கள் கியர். முன்னே 34 பல் செயின்ரிங்கும் பின்னே 21 பல் ஸ்பிராக்கெட்டும் வைத்து 90 கேடன்ஸில் மிதித்தால் அது சாலையில் மணிக்கு 18 கிலோமீட்டருக்குச் சமம். 50-க்கு 15 என்று மாற்றினால் ஏறத்தாழ 38 கிலோமீட்டர். சுழற்சி வேகம் இரண்டு மடங்கானால் சேமிக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். எர்க் முறையில் கியரை எப்படி மாற்றினாலும் வாட் அதேதான் என்பதால், கியர் ஒரு பொருட்டே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். வாட் மாறாது, மிதிப்பின் உணர்வு முற்றிலும் மாறும். பெரிய செயின்ரிங்கில் சமதளம் போலவும் சிறியதில் ஏற்றம் போலவும் இருக்கும். தாங்கள் ஏற்றத்துக்காகத் தயாராகிறவர் என்பதால் சிறிய செயின்ரிங்கை ஒதுக்க வேண்டாம். ஆனால் கேடன்ஸ் பயிற்சிகளைப் பெரியதில் செய்யுங்கள். சில டிரெய்னர்கள் ஃபிளைவீல் வேகமாகச் சுழலும்போது மிகக் குறைந்த வாட்டுக்கு இறங்க மறுக்கும் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

எர்க் முறையில் கால் நின்றுபோவதற்குக் காரணம் நேரான கணக்கு. வாட்டில் அளக்கும் திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. இயந்திரம் 200 வாட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால், சுழற்சி குறையும் அளவுக்கு முறுக்குவிசையைக் கூட்டியாக வேண்டும். 170 மில்லிமீட்டர் கிராங்கில், 90 கேடன்ஸுக்குப் பெடலில் சராசரியாக 12.7 கிலோ எடைக்குச் சமமான விசை தேவைப்படும். 60 கேடன்ஸுக்கு அது 19 கிலோ. 45-க்கு 25 கிலோவைத் தாண்டிவிடும். களைத்த கால் மெதுவாகிறது, இயந்திரம் இறுக்குகிறது, இறுக்கியதால் கால் இன்னும் மெதுவாகிறது. அந்தச் சுழலுக்குள் போன பிறகு போராடிப் பயனில்லை. சில விநாடிகள் மிதிப்பதை நிறுத்தி, இயந்திரம் பிடியைத் தளர்த்தியதும் வேகமான கேடன்ஸோடு மீண்டும் தொடங்குவதே வழி. அடுத்த இன்டர்வல் (கடினமாக மிதிக்கும் பகுதி) தொடங்கப்போகிறது என்று திரை காட்டும்போதே கேடன்ஸை ஐந்து சுற்று உயர்த்தி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் அந்தச் சிக்கலே வராது.

தாழ்வாரம்:

மேலே எழுதியவர் துள்ளலைத் தொடாமல் விட்டுவிட்டார். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். முதலாவதை அளவு நாடாவால் அறிந்துகொள்ளலாம். இரண்டாவதைப் பயிற்சியால்தான் திருத்த முடியும்.

இருக்கை உயரமாக இருந்தால், பெடல் அடிப்புள்ளியை அடையும்போது கால் எட்டாமல் இடுப்பு அந்தப் பக்கம் சரியும். மெதுவாக மிதிக்கையில் இது அசைவாகவும், வேகமாக மிதிக்கையில் துள்ளலாகவும் வெளிப்படும். சுவரோரம் நின்று, கால்களுக்கிடையில் ஒரு புத்தகத்தை இருக்கையைப் போல் அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்புவரை அளந்துகொள்ளுங்கள். அந்த நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால் வருவது, கிராங்க் அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்புவரை இருக்க வேண்டிய தோராயமான தூரம். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6 சென்டிமீட்டர். இதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காலணியின் தடிமனும் பாதத்தின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறுபடும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 பாகை வரை மடிப்பு எஞ்சியிருக்கிறதா என்பதைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த காணொளியில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். டிரெய்னர் காணொளி எடுக்க மிக வசதியான இடம், வண்டி நகர்வதில்லை. இன்னொன்றும் உண்டு. பின்பக்க அச்சு டிரெய்னரில் சற்று உயர்ந்திருந்து முன்சக்கரம் வெறும் தரையில் இருந்தால் உடல் முன்னோக்கி வழுக்கி, எடை கைகளுக்குப் போய்விடும். இரண்டு அச்சுகளும் ஒரே மட்டத்தில் இருக்க, முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகையோ தாங்கியோ வையுங்கள்.

இருக்கை சரியாக இருந்தும் துள்ளினால், அது தசை தளரும் நேரத்தைப் பற்றிய சங்கதி. இறுகிய தசை கட்டளை நின்ற கணத்திலேயே தளர்ந்துவிடாது. சிறிது நேரம் பிடிக்கும். அதைப் பத்தில் ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். 60 கேடன்ஸில் அந்த நேரத்துக்குள் கிராங்க் 36 பாகை திரும்பும். 100 கேடன்ஸில் 60 பாகை திரும்பிவிடும். அதாவது மெதுவான மிதிப்பில் சரியாக இருந்த ‘விடும் நேரம்’ வேகமான மிதிப்பில் மிகத் தாமதமாகிவிடுகிறது. பெடல் அடிப்புள்ளிக்கு வந்து சேர்ந்த பிறகும் தொடை தள்ளிக்கொண்டே இருக்கிறது. பெடல் அதற்குமேல் கீழே போக இடமில்லாததால் அந்தத் தள்ளல் தங்களையே இருக்கையிலிருந்து மேலே தூக்குகிறது. வேகமாகச் சீராக மிதிப்பவர், கிராங்க் கிடைமட்டத்தைத் தாண்டியதுமே தளர்த்தத் தொடங்கிவிடுகிறார். தள்ளத் தொடங்குவதும் அதற்கேற்ப உச்சிக்கு முன்பே நிகழ்கிறது. இதை எண்ணி எண்ணிச் செய்ய எவராலும் இயலாது. நரம்புகள் தாமாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே 95-ல் துள்ளல் வருகிறது என்றால் 105-க்குப் போய்ப் போராட வேண்டாம். குறைந்த எதிர்ப்பில், துள்ளல் தொடங்கும் எல்லைவரை கேடன்ஸை மெல்ல ஏற்றி, அங்கிருந்து நான்கைந்து சுற்று இறக்கி, அந்த இடத்திலேயே சில நிமிடங்கள் அமைதியாக ஓட்டுங்கள். தோளும் கைவிரல்களும் தளர்ந்திருக்க வேண்டும். வாரங்கள் போகப் போக எல்லை தானாக மேலே நகரும். எல்லாரும் 100-க்கு மேல் மிதித்தாக வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கால்களை வேகமாக ஆட்டுவதற்கே உடல் செலவிடும் ஆற்றல் ஒன்று இருக்கிறது. பிராணவாயுச் செலவை மட்டும் பார்த்தால் பெரும்பாலோருக்கு 90-ஐவிடக் குறைந்த கேடன்ஸே சிக்கனமானது. துள்ளலில்லாமல் 100 மிதிக்கத் தெரிந்தவருக்கு 85 மிகவும் இலகுவாகிவிடும் என்பதற்காகத்தான் அந்தப் பயிற்சி.

பவானிசாகர்:

கிராங்க்170 அவர்களின் விளக்கத்தில் எனக்கு ஓர் ஐயம். என் பெடல்களில் மிதிப்பின் வாட்டை அளக்கும் பவர்மீட்டர் இருக்கிறது. பெடல் ஸ்மூத்னஸ் 22 விழுக்காடு, டார்க் எஃபெக்டிவ்னஸ் 78 விழுக்காடு என்று திரையில் காட்டுகிறது. மேலே இழுத்து மிதித்தால் இரண்டும் கண்ணெதிரே கூடுகின்றன. இழுப்பது வீண் என்றால், விலையுயர்ந்த கருவி இந்த எண்களை ஏன் கணக்கிட்டுக் காட்ட வேண்டும்? நூற்றுக்கு 22 என்பதைப் பார்க்கும்போது தேர்வில் தோற்ற மாணவனைப் போல் இருக்கிறது.

கிராங்க்170:

பவானிசாகர் அவர்களே, அந்த எண்ணை நூற்றுக்கு எடுக்கும் மதிப்பெண்ணாகப் படிக்கக் கூடாது. பெடல் ஸ்மூத்னஸ் என்பது ஒரு சுற்றில் ஒரு கால் கொடுக்கும் சராசரி வாட்டை, அதே சுற்றில் அது தொட்ட உச்ச வாட்டால் வகுத்து வருவது. ஒரு கால் இறங்கும் அரைச்சுற்றில் மட்டும், ஏறி இறங்கும் ஒரு சைன் வளைவைப் போல மிக ஒழுங்காக விசை கொடுத்து, ஏறும் அரைச்சுற்றில் கூட்டவும் குறைக்கவும் செய்யாமல் சும்மா இருந்தால், கணக்குப்படி அந்த எண் ஏறத்தாழ 32. இதுவே குறை சொல்ல முடியாத மிதிப்பு. 100 வர வேண்டுமென்றால் அந்தக் கால் உச்சியிலும் அடியிலும் பின்பக்கத்திலும் ஒரே அளவு விசை கொடுக்க வேண்டும். மனித உடலில் அதற்கு வழியில்லை. பொதுவாக மக்களுக்கு இந்த எண் 10-க்கும் 40-க்கும் இடையில்தான் வரும். தங்கள் 22 இயல்பானதே.

டார்க் எஃபெக்டிவ்னஸ், ஒரு கால் முன்னோக்கிக் கொடுத்த ஆற்றலிலிருந்து அதே கால் பின்னோக்கித் தடுத்ததைக் கழித்து, முன்னதால் வகுத்து வருவது. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. மிதிப்பு முறையைச் சிறிதும் மாற்றாமல் வாட்டை மட்டும் கூட்டினாலே இந்த எண் உயர்ந்துவிடும். ஏறும் காலின் எடை ஏறத்தாழ அப்படியே இருக்க, இறங்கும் காலின் தள்ளல் மட்டும் பெரிதாவதே காரணம். மெதுவாக ஓட்டிய நாளில் 70, விரட்டி ஓட்டிய நாளில் 85 என்று பார்த்துவிட்டு மிதிப்பு மேம்பட்டதாகக் கருதுவது சரியாகாது. ஒப்பிட வேண்டுமானால் ஒரே வாட்டில், ஒரே கேடன்ஸில், ஒரே கியரில் ஒப்பிடுங்கள். இவற்றைவிட எனக்குப் பயன்பட்டது, வாட்பைக் போன்ற இயந்திரங்கள் வட்ட வரைபடமாகக் காட்டும் விசைக்கோடு. புதியவர்களுக்கு அது நடுவில் ஒட்டிய எட்டு வடிவில் வரும்; தேர்ந்தவர்களுக்கு இடை சற்றே ஒடுங்கிய நிலக்கடலை வடிவில் வரும். நடுப்பகுதி எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பது, கால்கள் மாறும் இடத்தில் விசை எவ்வளவு வீழ்கிறது என்பதைக் காட்டுகிறது. தேர்ந்தவருக்கும் அந்த இடை முழுதாக நிரம்புவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

கருவி ஏன் காட்டுகிறது என்று கேட்டீர்கள். அளக்க முடிந்ததால் காட்டுகிறது. இடது, வலது கால்களுக்கிடையே பெரிய வேறுபாடு இருந்தாலோ, காயத்திலிருந்து மீள்பவரின் ஒரு காலைக் கண்காணிக்க வேண்டியிருந்தாலோ அந்த எண்கள் பயன்படும்.

பனிக்காலப் பயணி:

நான் டொரொன்டோவில் இருக்கிறேன். டிசம்பரிலிருந்து மார்ச் வரை சாலையை மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே இங்குள்ள ஓட்டிகளுக்கு உள்ளரங்கப் பயிற்சி விருப்பத்தைப் பொறுத்ததன்று. ஸ்மார்ட் டிரெய்னரைப் பற்றியே எல்லாரும் எழுதுவதால், ரோலரைப் பற்றி ஒரு சொல் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு சட்டத்தில் மூன்று உருளைகள். பின்சக்கரம் இரண்டு உருளைகளுக்கு நடுவிலும் முன்சக்கரம் மூன்றாவதன் மேலும் நிற்கும். வண்டியைப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. அதில் வெட்டி மிதித்தால் அதன் விளைவு அக்கணமே வண்டியில் தெரியும்: முன்சக்கரம் இடமும் வலமுமாக அலையும், இருக்கையில் துள்ளினால் வண்டியே உருளையில் குதிக்கும். எந்த வரைபடமும் எந்த எண்ணும் தேவையில்லை. டிரெய்னர் வண்டியை இறுகப் பிடித்துக்கொள்வதால், சாலையில் ஒருபோதும் மன்னிக்கப்படாத உடலசைவுகளை அது மன்னித்துவிடுகிறது. இந்த மன்னிப்பே பலரைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. முன்காலத்தில் குளிர்நாட்டு ஓட்டிகள் பருவத் தொடக்கத்தில் ஃபிக்ஸ்ட் கியர் வண்டி ஓட்டியதும் இதே நோக்கத்தில்தான். பெடல் நிற்காமல் காலை இழுத்துச் செல்வதால், தசை எப்போது விட வேண்டும் என்பதைக் கால் கற்றுக்கொண்டே தீரும்.

தொடங்குபவர்கள் கதவு நிலைக்கு நடுவில் ரோலரை வைத்து, தோள் சரிந்தால் இருபுறமும் சட்டத்தில் சாய்ந்துகொள்ளும்படி ஓட்டுவது நல்லது. சாதாரண ரோலரில் எதிர்ப்பு மிகக் குறைவு என்பதால் ஏற்றத்துக்கான பயிற்சி அதில் கிடைக்காது. நொய்யல்கரை அவர்களுக்கு அது டிரெய்னருக்கு மாற்றாகாது. வாரத்தில் ஒருநாள் துணையாக இருக்கலாம்.

நொய்யல்கரை:

அனைவருக்கும் மிக்க நன்றி. அளந்து பார்த்ததில் இருக்கை ஒன்றரைச் சென்டிமீட்டர் உயரமாகவே இருந்தது, இறக்கிவிட்டேன். பெரிய செயின்ரிங்குக்கு மாற்றியதும் அந்தப் பிடிப்பில்லாத கணம் பெருமளவு குறைந்திருக்கிறது. ரோலர் வாங்க இப்போதைக்கு எண்ணமில்லை. இன்னும் இரண்டு கேள்விகள். ஒற்றைக் காலால் மிதிக்கும் பயிற்சியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். மேலே இழுப்பது தேவையில்லை என்றால் அதற்கு என்ன பயன்? அடுத்தது, நான் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். டிரெய்னர் சத்தமே இல்லாதது. இருந்தும் கீழ்வீட்டார் ‘தும் தும்’ என்று கேட்பதாகச் சொல்கிறார்கள். ரப்பர் விரிப்புப் போட்டும் அது முற்றிலும் நிற்கவில்லை.

கிராங்க்170:

ஒற்றைக் கால் பயிற்சியில் இழுக்கும் பலத்தை வளர்க்கும் நோக்கம் எனக்கில்லை. உச்சியையும் அடியையும் கடக்கும் நேர்த்திக்காகவே அதைப் பரிந்துரைக்கிறேன். ஒரு காலைப் பெடலிலிருந்து எடுத்து ஒரு முக்காலியில் வைத்துவிட்டு, மற்றக் காலால் மட்டும் மிதித்தால், உச்சிக்குச் சற்று முன் சங்கிலி தொய்ந்து, கால் மறுபக்கம் விழும்போது ‘டக்’ என்று பிடிக்கும் ஒலி கேட்கும். அந்த ஒலி எந்த இடத்தில் வருகிறதோ அங்கேதான் தங்கள் கால் பிந்துகிறது. முழங்காலைக் கைப்பிடியை நோக்கி முன்னே கொண்டுபோவதாக எண்ணிக்கொண்டால் உச்சி எளிதில் கடக்கும். அடிப்புள்ளியில், வாசல் மிதியடியில் செருப்பின் சேற்றைத் தேய்த்துவிடுவது போல் பாதத்தைப் பின்னே நகர்த்தினால் போதும். குதிகாலை வலிந்து தாழ்த்தவோ உயர்த்தவோ வேண்டாம். கணுக்கால் தன் இயல்பில் இருக்கட்டும்.

இதை எர்க் முறையில் செய்யக் கூடாது. ஒரு காலில் கேடன்ஸ் தள்ளாடும்போது இயந்திரமும் எதிர்ப்பை ஏற்றி இறக்கித் தொல்லை தரும். நிலையான எதிர்ப்பு முறைக்கு மாற்றி, மிகக் குறைந்த அளவில், ஒரு காலுக்கு முப்பது விநாடி என்று வைத்து, உடனே இரு கால்களாலும் ஓரிரு நிமிடம் மிதியுங்கள். அந்த ஓரிரு நிமிடத்தில் கால் எவ்வளவு இலகுவாகச் சுற்றுகிறது என்பதை உணர்வதுதான் பயிற்சியின் பயன். உடல் சூடேறிய பின், இன்டர்வல்களுக்கு முன் செய்யுங்கள். களைத்த காலில் செய்தால் தவறான அசைவையே பழக்கிக்கொள்வீர்கள். இடுப்பின் முன்பகுதி ஏற்கெனவே வலிப்பதால், வலி முழுதும் நீங்கும்வரை இந்தப் பயிற்சியைத் தள்ளிவையுங்கள். மின்விசிறியை முகத்துக்கு நேராக முன்னால் வைத்துக்கொள்ளவும் மறக்காதீர்கள். அறைக்குள் எதிர்க்காற்று இல்லாததால் உடல் விரைவில் சூடாகி, சாலையைவிட முன்னதாகவே மிதிப்பு குலையத் தொடங்கும்.

கீழ்வீட்டுச் சத்தத்தைப் பொறுத்தவரை, டிரெய்னரின் ரீங்காரமும் தரைக்குப் போகும் அதிர்வும் வெவ்வேறு. 90 கேடன்ஸில் இரு கால்களும் சேர்ந்து விநாடிக்கு மூன்று தள்ளல் கொடுக்கின்றன. அவ்வளவு மெதுவான அதிர்வை மெல்லிய ரப்பர் விரிப்பு தடுக்காது. விரிப்பின் மேல் கனமான ஒட்டுப்பலகையும், அதற்கு அடியில் மென்மையான தடித்த நுரைத் துண்டுகளும் வைத்தால் ஓரளவு குறையும். டிரெய்னரை அறையின் நடுவிலிருந்து நகர்த்தி, உத்தரம் அல்லது தாங்குசுவர் இருக்கும் ஓரத்துக்குக் கொண்டுபோவது அதைவிடப் பயன் தரும். தளத்தின் நடுப்பகுதிதான் அதிகம் அதிரும். எழுந்து நின்று மிதிக்கும் இன்டர்வல்களைக் கீழ்வீட்டார் விழித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இருக்கையைத் தாழ்த்திய பின் துள்ளல் குறைந்திருக்கும் என்பதால், அவர்களுக்குக் கேட்கும் ஒலி மாறியிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டு எழுதுங்கள்.